சம்பளம் தொடாத பேராசிரியர்

பத்து பாகாட் மாணவர்களிடம் வாயு உணரியைப் பற்றிப் பேசும்போது நான் ஜகதீஷ் சந்திர போஸிலிருந்துதான் தொடங்குவேன். 1858இல் வங்காளத்தில் பிறந்தவர். 1885இல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் சேர்ந்தபோது, ஆங்கிலேயர்களுக்குத் தந்ததைவிடக் குறைந்த சம்பளமே தந்தார்கள். மூன்றாண்டுகள் ஒரு காசும் தொடாமல் பாடம் நடத்தினார். பிடிவாதம்தான், எனக்குப் பிடித்த பிடிவாதம். கடைசியில் முழுச் சம்பளமும் நிலுவையோடு வந்தது.

கலீனா என்ற ஈயத் தாதுவால் மின்காந்த அலையை உணரும் கருவிக்கு 1904இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். கலீனா ஒரு குறைகடத்தி.

இன்றைய வாயு உணரியிலும் குறைகடத்திதான் வேலை செய்கிறது: நம் நாட்டுச் சுரங்கங்களில் எடுத்த அதே வெள்ளீயத்தின் ஆக்சைடு. அந்தப் படலத்தில் காற்றின் உயிர்வளி ஒட்டி எலக்ட்ரான்களைப் பிடித்துக்கொள்ளும், மின்தடை ஏறும். எரிவாயு கசிந்தால் அது அந்த உயிர்வளியோடு வினைபுரியும். எலக்ட்ரான்கள் திரும்ப, தடை இறங்கும். துளி பல்லேடியம் கலந்தால் இது குறைந்த வெப்பத்திலேயே விரைவாக நடக்கும்.

1937இல் போஸ் மறைந்தபோது இத்தகைய உணரி சந்தைக்கு வந்திருக்கவில்லை.