பணிவே பாடம்: பத்தமடைச் சிவானந்த சுவாமிகள்

நம் சங்கத்து இதழில் திங்கள்தோறும் சான்றோர் ஒருவரின் வரலாற்றைச் சுருக்கி எழுதி வருகின்றோம். நம் குலத்திற் பிறந்து புகழ்பெற்றோரையே இதுகாறும் பெரும்பாலும் எடுத்துக்கொண்டோம். இம்முறை அவ்வெல்லையைச் சிறிது கடக்கத் துணிந்தோம். ரிஷிகேசத்தில் ஆச்சிரமம் கண்டு அறிவும் அன்பும் தொண்டும் ஒருங்கே வளர்த்த சிவானந்த சுவாமிகள் நம் குலத்தவர் அல்லர். ஒரு குலத்தார் கூடி நடத்தும் இதழில் அவர் வரலாறு எதற்கு என்று அன்பர் சிலர் வினவக்கூடும். அதற்குரிய விடை அவ்வரலாற்றின் உள்ளேயே இருத்தலின், முதற்கண் அதனைக் கூறுவாம்.

திருநெல்வேலிச் சீமையில் நுண்ணிய கோரைப் பாய்க்குப் பெயர்பெற்ற ஊர் பத்தமடை. அவ்வூரில் 1887-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 8-ஆம் நாள் வேங்கு ஐயருக்கும் பார்வதி அம்மையாருக்கும் மூன்றாம் மகனாராகச் சுவாமிகள் தோன்றினார். குப்புசாமி என்பது பெற்றோர் இட்ட பெயர். வடமொழிக் கடலைக் கரைகண்ட அப்பைய தீட்சிதர் மரபு அவர் மரபு. தந்தையார் எட்டயபுரம் சமீனில் அலுவல் பார்த்தவர். சிவபூசையில் உள்ளம் கரைபவர். அப்பூசைக்கு வில்வமும் மலரும் கொய்து கொணர்தல் சிறுவருடைய நாட்கடன். வில்வம் பறிக்கக் குனிந்த அக்கைகளே பின்னாளில் தொழுநோயாளரின் புண்ணைக் கழுவக் குனிந்தன என்பதனை நினைவிற் கொள்க.

இளமையில் நிகழ்ந்த ஒன்றைச் சுவாமிகளே தம் வரலாற்றில் எழுதியுள்ளார். வாள்வித்தை பயில விரும்பிய அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர் தாழ்த்தப்பட்ட குலத்தினர். சில நாள் கற்றபின், உயர்குலத்துப் பிள்ளை அத்தகையாரிடம் மாணவனாய் நிற்றல் தகாது என்று அவருக்கு உணர்த்தப்பட்டது. சிறுவர் ஆழ்ந்து எண்ணினார். தந்தையாரின் பூசையறையில் தாம் வழிபட்ட சிவபெருமானே அங்கிருந்து நீங்கி, அவ்வாசிரியர் நெஞ்சிற் சென்று குடிகொண்டதாக அவருக்குத் தோன்றியது. உடனே மலரும் இனிப்பும் ஆடையும் எடுத்துச் சென்று, ஆசிரியருக்கு மாலை சூட்டி, அடிகளில் மலரிட்டு, நிலமுற விழுந்து வணங்கினார். சுவாமிகள் தம் வாழ்நாளிற் கற்ற கல்விகளுள் இதனினும் பெரியது வேறில்லை என்பது எம் துணிபு. அவர் பின்னர்ச் செய்தனவெல்லாம் இவ்வொரு வணக்கத்தின் விரிவே எனலாம்.

எட்டயபுரத்துப் பள்ளியிலும் திருச்சிராப்பள்ளிக் கல்லூரியிலும் பயின்றபின், தஞ்சையில் மருத்துவக் கல்வி மேற்கொண்டார். 1909-ஆம் ஆண்டில் அம்புரோசியா என்னும் பெயரால் மருத்துவத் திங்களிதழ் ஒன்று தொடங்கிச் சில ஆண்டு நடத்தினார். தாம் அறிந்ததைத் தம்மளவில் வைத்துக்கொள்ளாது பிறர்க்கு வழங்கும் இயல்பு அப்போதே அவர்பால் அமைந்திருந்தது. 1913-ஆம் ஆண்டில் மலேயா நாட்டிற்குக் கப்பலேறினார். சிரம்பானை அடுத்த தோட்டத்து மருத்துவமனையில் ஏறக்குறைய ஏழாண்டும், பின்னர் ஜொகூரில் மூன்றாண்டும் பணியாற்றினார். பிழைப்பு நாடிக் கடல் கடந்து இரப்பர்த் தோட்டங்களில் உழன்ற தமிழ்க் கூலிமக்களுக்கு அவர் மருத்துவராய் மட்டுமன்றி உறவினராயும் விளங்கினார். வறியோர்பாற் பொருள் வாங்காமையும், தம் கைப்பொருளை அவர்க்கே ஈதலும் அவர் வழக்கமாயின.

பொருளும் புகழும் வந்து சேர்ந்த அந்நிலையிலேயே உள்ளம் வேறொன்றை நாடிற்று. உடற்பிணியை நீக்கியும் மக்கள் துன்பம் நீங்கக் காணாமையால், பிணிகளுக்கெல்லாம் மூலமாகிய பிணிக்கு மருந்து தேடலானார். 1923-ஆம் ஆண்டில் அலுவலைத் துறந்து தாயகம் மீண்டு, இரந்துண்டு வடநாட்டுத் தலங்களிற் சுற்றித் திரிந்து, 1924-ஆம் ஆண்டு மே மாதத்தில் ரிஷிகேசம் அடைந்தார். சூன் முதல் நாள், கங்கைக் கரையில் விசுவானந்த சரசுவதி என்னும் முதிய துறவியார் அவருக்குத் துறவு அளித்துச் சிவானந்த சரசுவதி என்னும் பெயரும் சூட்டினார்.

துறவு பூண்டோர் உலகத்தொடர்பு முற்றும் அறுத்து ஒதுங்கியிருத்தலே முறை என்று கருதுவார் பலர். சுவாமிகள் சுவர்க்காச்சிரமத்துச் சிறு குடிலில் இருந்துகொண்டு கடுந்தவம் இயற்றினார். கங்கை நீரில் நெடும்போது நின்று செபித்தார். அன்னசத்திரத்தில் இட்ட உலர்ந்த ரொட்டியை உண்டு பசி தணித்தார். ஆயினும் தாம் கற்ற மருத்துவத்தை அவர் துறக்கவில்லை. தம் ஆயுட் காப்பீட்டின் வழி வந்த பொருளைக்கொண்டு 1927-ஆம் ஆண்டில் இலக்குமணசூலா என்னுமிடத்தில் அறமருத்துவசாலை ஒன்று நிறுவினார். பதரிநாதம் செல்லும் யாத்திரிகரும் நோயுற்ற சாதுக்களும் அங்கே மருந்து பெற்றனர். ஒருநாள் யாத்திரிகர் ஒருவருக்கு மருந்து கொடுத்து அனுப்பியபின், அதனினும் ஏற்ற மருந்தொன்று நினைவுக்கு வர, மறுநாட் காலை அதனை எடுத்துக்கொண்டு மலைப்பாதையிற் பல மைல் ஓடி அவரைத் தேடிக் கொடுத்து மீண்டார் என்பர். தவத்திற்கு ஓட்டம் இடையூறென்று அவர் கருதினாரல்லர்; அவ்வோட்டமும் தவமே என்று கண்டார்.

1934-ஆம் ஆண்டில் சீடர் சிலருடன் கங்கையின் மறுகரை சேர்ந்து, கைவிடப்பட்டுக் கிடந்த மாட்டுக் கொட்டில் ஒன்றைத் துப்புரவு செய்து தங்கினார். இன்று மாடங்களாய் உயர்ந்து நிற்கும் சிவானந்தாச்சிரமத்தின் தொடக்கம் அக்கொட்டிலே. 1936-ஆம் ஆண்டில் தெய்வநெறிக் கழகம் நிறுவப்பட்டது. 1943-ஆம் ஆண்டு டிசம்பர் 3-ஆம் நாள் மகாமந்திர நாமபசனம் தொடங்கிற்று. இரவும் பகலும் ஒருவர் மாறி ஒருவர் பாட, அது இடையறாது நடந்து வருகின்றது. அவ்வாண்டின் இறுதி நாளில் விசுவநாதர் திருக்கோயில் குடமுழுக்குக் கண்டது. 1948-ஆம் ஆண்டில் யோக வேதாந்த ஆரணியக் கல்விக்கழகம் தோன்றிக் கட்டணம் இன்றியே பயிற்சி அளிக்கலாயிற்று.

இனி, அங்கே கல்வி நடந்த முறையைக் கூறுவாம். வைகறை நான்கு மணிக்கெல்லாம் ஆச்சிரமத்தார் எழுவர். பனிக்காலத்து இமயக் குளிரிலும் இவ்விதி தளர்வதில்லை. தியானமும் செபமும் முதலில். ஆசனப் பயிற்சி அடுத்து. பின்னர்க் கீதையும் உபநிடதமும் ஓதி ஆராய்தல். கோயிலில் வேளை தவறாத பூசை. இரவில் எல்லாரும் கூடும் சத்சங்கத்தில் நூல் வாசிப்பும் கீர்த்தனமும் தீபாராதனையும். இவற்றிடையே ஒவ்வொருவர்க்கும் ஒரு தொண்டு உண்டு: அடுக்களையிற் காய் நறுக்குதல், மருத்துவசாலையிற் கட்டுக் கட்டுதல், கடிதங்களுக்கு மறுமொழி எழுதுதல், அச்சுக்கு நூல் செப்பஞ் செய்தல். வேதாந்தம் கற்கவென்று வந்த பட்டதாரிக்கு முதலில் பாத்திரம் துலக்கும் பணி வாய்த்தலும் உண்டு. தொண்டு, அன்பு, ஈகை, தூய்மை, தியானம், மெய்யுணர்வு என்று சுவாமிகள் நெறியை வகுத்தார். மெய்யுணர்வு ஆறாம் படி, தொண்டோ முதற்படி. முதற்படியில் கால் வையாது ஆறாம் படிக்குத் தாவுவோர் விழுவர் என்பது அவர்தம் கருத்து.

அவர் வகுத்த மற்றொரு முறை ஆத்மீக நாட்குறிப்பு. எத்தனை மணிக்கு எழுந்தோம், எத்தனை மாலை செபித்தோம், பயன் கருதாத் தொண்டில் எவ்வளவு நேரம் செலவிட்டோம், எத்தனை பொய் சொன்னோம், எத்தனை முறை சினந்தோம் என்று நாள்தோறும் கட்டமிட்டு எழுத வேண்டும். மாணாக்கர் பிழையைச் சிவப்பு மையாற் சுழித்தே பழகிய ஆசிரியராகிய எமக்கு, எம் பிழையை யாமே சுழித்துக்கொள்ளும் இவ்வேடு பெரிதும் நாணத்தைத் தந்தது. ஒரு திங்கள் எழுத முயன்றோம். சினக் கட்டத்தை உண்மையாய் நிரப்புதல் இலக்கணச் சூத்திரம் நூறு உருவேற்றுதலினும் அரிது என்று அறிந்தோம்.

சுவாமிகளின் சினக் கட்டம் எவ்வாறிருந்தது என்பதற்கு ஒரு சான்று கூறுவாம். 1950-ஆம் ஆண்டு சனவரியில் ஒருநாள் இரவு, பசனை மண்டபத்தில் ஒருவன் கோடரியால் அவரைத் தாக்கினான். வெட்டுக் குறி தவறியமையால் அவர் உயிர் பிழைத்தார். சீடர்கள் அவனைப் பிடித்து அடைத்து வைத்தனர். சுவாமிகளோ வழக்குத் தொடுக்க இசையாது, அவனைச் சென்று கண்டு வணங்கி, பழமும் நூலும் அளித்து, மந்திரமும் உபதேசித்து, ஊர் திரும்பவும் வழிசெய்தார். வாளாசிரியரை வணங்கிய சிறுவரே கோடரி எடுத்தவனையும் வணங்கினார் என்க. ஐம்பதாண்டு இடைப்பட்டும் அவ்வணக்கம் மாறவில்லை.

அவர் இயற்றிய நூல்கள் ஏறத்தாழ முந்நூறு. அவற்றுட் பெரும்பாலன ஆங்கிலத்தில் அமைந்தமை தமிழாசிரியராகிய எமக்குச் சிறு குறையே. எனினும் தாய்நாட்டு நெறியை மறந்து நின்ற ஆங்கிலங் கற்றோரை மீட்க அவ்வாயிலே ஏற்றதாயிற்று. சிதானந்தர், கிருஷ்ணானந்தர், சின்மயானந்தர், சத்தியானந்தர், கொங்குநாட்டுச் சச்சிதானந்தர் முதலிய சீடர்கள் அக்கல்வியைத் திசையெல்லாம் பரப்பினர். 1963-ஆம் ஆண்டு சூலை 14-ஆம் நாள் இரவு சுவாமிகள் உடல் நீத்தார். கங்கைக் கரையில் அவ்வாச்சிரமத்திலேயே அவர் சமாதி விளங்குகின்றது.

அன்பர்களே, தொடக்கத்தில் நின்ற வினாவிற்கு இப்போது விடை கூறுவாம். குலத்தின் பெருமையைப் பேசவும் எழுதவும் நாம் கூடுகின்றோம். நம் பிள்ளைகள் கற்க உதவித்தொகை வழங்குகின்றோம், அது நன்றே. ஆனால் அப்பிள்ளை வேறொரு குலத்து ஆசிரியரை நிலமுற வணங்கி நிற்பானாயின், அதனைக் கண்டு மகிழும் உள்ளம் நமக்கு உண்டா? குலப்பெருமை கல்விக்கு ஏணியாகலாம். கதவாகித் தாழிட்டுக்கொள்ளவும் கூடும். அப்பைய தீட்சிதர் மரபில் தோன்றிய ஒருவர் அத்தாழைச் சிறுவயதிலேயே திறந்துகொண்டு வெளிவந்தார். அதனாலன்றோ அவர் எல்லார்க்கும் உரியவர் ஆயினார்! நம் மரபிலும் அத்தகையார் தோன்ற வேண்டுமாயின், நம் பிள்ளைகளுக்கு நாம் முதலிற் கற்பிக்க வேண்டுவது முன்னோர் பெயர்வரிசையன்று. யாவர்க்கும் குனியும் தலை. அதனைக் கற்பித்தற்கு முன் நம் தலையும் சிறிது குனிய வேண்டும். இதனை எழுதும் யாமும் அதற்கு விலக்கல்லேம்.