ஆம்புலன்ஸ் வந்தால் சிக்னல் எப்படி வழிவிடுகிறது? 100 ஆண்டுக்கு முந்தைய ஒரு யோசனையும் கேரட் மோர்கனின் கதையும்

காலை ஏழரை மணி. பட்டர்வொர்த், மாக் மண்டின் தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு சாலைச் சந்திப்பு. முன்னாடி லாரி, ரெண்டு பக்கமும் மோட்டார் சைக்கிள்கள், பின்னாடி ஆம்புலன்ஸ் சைரன். சிக்னலோ சிவப்பு. நீங்கள் என்ன செய்வீர்கள்?

ஆம்புலன்ஸ் வருவதை சிக்னலே தெரிந்துகொண்டு வழிவிடும் தொழில்நுட்பம் பல நாடுகளில் இருக்கிறது. அதன் பாதுகாப்புக்கு அடிப்படையான யோசனைக்கு 1923-லேயே காப்புரிமை வாங்கியவர்களில் முக்கியமானவர், ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்ட ஒரு கறுப்பின அமெரிக்கர்.

யார் இந்த கேரட் மோர்கன்?

1877 மார்ச் 4-ம் தேதி கென்டக்கி மாநிலத்தில் பிறந்தவர். பெற்றோர் அடிமைத்தனத்திலிருந்து விடுதலை பெற்றவர்கள். பதின்ம வயதில் வேலை தேடி வீட்டை விட்டுக் கிளம்பினார். 1895-ல் கிளீவ்லாந்து நகருக்கு வந்து, தையல் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் வேலையில் தேர்ச்சி பெற்றார். 1907-ல் சொந்தக் கடை போட்டார்.

தீப்பிடித்த இடத்தில் புகை மேலே போகும், தரைப் பக்கம் காற்று ஓரளவு சுத்தமாக இருக்கும். இதை வைத்து, தரை வரை தொங்கும் குழாயுடன் தீயணைப்பு வீரர்களுக்கு ஒரு பாதுகாப்பு முகமூடி செய்தார். 1914-ல் காப்புரிமை கிடைத்தது. ஆனால் கறுப்பினத்தவர் செய்த பொருளை வாங்கப் பலர் தயங்கினார்கள். அதனால் விற்பனை நிகழ்ச்சிகளில் வெள்ளையர் ஒருவரை முன்னால் நிறுத்தி, தான் வேறு ஆள் போல வேடம் போட்டார்.

1916 ஜூலையில் ஈரி ஏரிக்கு அடியில் தோண்டிய சுரங்கத்தில் வெடிவிபத்து. காப்பாற்றப் போனவர்களே நச்சு வாயுவில் மயங்கி விழுந்தார்கள். மோர்கனும் அவர் சகோதரர் ஃபிராங்கும் முகமூடி போட்டுக்கொண்டு உள்ளே இறங்கி, உயிரோடு இருந்தவர்களைத் தூக்கி வந்தார்கள். ஆனாலும் அதிகாரப்பூர்வ பாராட்டு மற்றவர்களுக்குத்தான் போனது.

சிக்னலில் அவர் செய்தது என்ன?

போக்குவரத்து சிக்னலைக் கண்டுபிடித்ததே மோர்கன்தான் என்று இணையத்தில் படித்திருப்பீர்கள். அது சரியல்ல. 1868-லேயே லண்டனில் எரிவாயு சிக்னல் வந்துவிட்டது. 1914-ல் கிளீவ்லாந்திலேயே மின்சார சிக்னல் வந்தது. ஜேம்ஸ் ஹோக் வடிவமைத்த அந்த சிக்னலை, அவசர நேரத்தில் போலீசும் தீயணைப்பு நிலையமும் கட்டுப்படுத்த முடிந்தது.

அந்தக் கால சிக்னல்கள் பலவற்றில் 'நில்', 'போ' இரண்டுதான். திடீரென்று மாறினால், சந்திப்பின் நடுவில் இருக்கும் வண்டி மாட்டிக்கொள்ளும். மோர்கன் நேரில் பார்த்த ஒரு மோதல்தான் அவரை யோசிக்க வைத்ததாகச் சொல்லப்படுகிறது. கையால் இயக்கும் அவருடைய கம்பத்தில், எல்லாத் திசையையும் ஒரே நேரத்தில் நிறுத்தும் மூன்றாவது நிலை இருந்தது. நடுவில் இருக்கும் வண்டி வெளியேறலாம், நடந்து போகிறவர் கடக்கலாம். 1923 நவம்பர் 20-ல் காப்புரிமை கிடைத்தது.

இன்று எப்படி வேலை செய்கிறது?

1960-களின் பிற்பகுதியில், அவசர வண்டி மேல் வேகமாக மின்னும் விளக்கை, சிக்னல் கம்பத்தில் உள்ள உணரி கண்டுபிடிக்கும் முறை அமெரிக்காவில் உருவானது. இப்போது ஜிபிஎஸ், ரேடியோ வழியாகவும் தகவல் போகிறது. தகவல் கிடைத்ததும் குறுக்குச் சாலைக்கு மஞ்சள் விழும். அப்புறம் சில வினாடி எல்லாப் பக்கமும் சிவப்பு. அதன் பிறகுதான் ஆம்புலன்ஸ் வரும் திசைக்குப் பச்சை. அந்தச் சில வினாடி இல்லை என்றால், ஒரு உயிரைக் காப்பாற்றப் போய் சந்திப்பில் இன்னொரு உயிர் போகலாம்.

கருவி இல்லாத இடத்தில் மனிதர்கள்தான் செய்ய வேண்டும். 2008 செப்டம்பரில் சென்னை போலீசார் சாலைகளை நிறுத்தி வழிவிட்டதால், மூளைச்சாவு அடைந்த ஒரு சிறுவனின் இதயம் தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்தது.

மோர்கன் கடைசிக் காலத்தில் பார்வையைப் பெருமளவு இழந்து, 1963 ஜூலை 27-ல் 86 வயதில் இறந்தார்.

மாக் மண்டின் சந்திப்பிலும் அதே விதிதான். பதறி சிவப்பைத் தாண்டி நடுவில் பாயாதீர்கள். பக்கத்தில் பார்த்து, மெதுவாக ஓரம் கட்டி, ஆம்புலன்ஸ் போக இடம் விடுங்கள். அது போனதும் அதன் பின்னாடியே ஒட்டிக்கொண்டு போகாதீர்கள்.