இசைத்தாள் ஒன்றுக்கு ஒரு சதம்: ஸ்கொட் ஜொப்ளின் வாழ்வு

மக்கள் விரும்பிக் கேட்கும் பாட்டுக்களைக் கணக்கிட்டு நிரற்படுத்தி வாரந்தோறும் வெளியிடும் வழக்கம் அமெரிக்காவிலே வேரூன்றியது இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலாகும். ‘பில்போர்ட்’ என்னும் வார இதழ் 1940ஆம் ஆண்டு யூலை மாதத்தில் இசைத்தட்டு விற்பனைப் பட்டியல் ஒன்றைத் தொடங்கியது. விற்பனையையும் வானொலி ஒலிபரப்பையும் ஒருங்கே கருதி நூறு பாட்டுக்களை வரிசைப்படுத்தும் அதன் பெரும் பட்டியல் 1958இல் எழுந்தது. அப்பட்டியலில் 1974ஆம் ஆண்டு மூன்றாம் இடம்வரை ஏறிய ஓர் இசை, ஏனையவற்றினின்றும் முற்றிலும் வேறுபட்டிருந்தது. மின்கிதார்கள் முழங்கிய அக்காலத்தில், பாடுவார் எவருமின்றி, பியானோவின் துள்ளல் நடையொன்றே அதில் முதன்மையாக ஒலித்தது. அவ்விசை அச்சேறி எழுபத்திரண்டு ஆண்டுகள் கழிந்திருந்தன. அதனை ஆக்கியவர் இறந்து ஐம்பத்தேழு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் பெயர் ஸ்கொட் ஜொப்ளின்.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து வடகிழக்குப் பகுதியிலே, அடிமை முறை ஒழிந்து மூன்றாண்டுகள் நிறையாத காலத்தில் ஜொப்ளின் பிறந்தார். பிறந்த நாள் 1868 நவம்பர் 24 எனப் பல நூல்கள் குறித்தபோதிலும், 1870ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீடு அதற்கு இசையவில்லை. 1867இன் நடுப்பகுதிக்கும் 1868இன் தொடக்கத்துக்கும் இடைப்பட்ட காலமே பொருந்துவதென ஆராய்ந்தோர் கொள்வர். தந்தை ஜைல்ஸ் அடிமையாயிருந்து விடுதலை பெற்றவர், வயலின் வாசிப்பார். தாய் புளோரன்ஸ் அடிமையாகப் பிறவாதவர். பாடவும் பான்ஜோ என்னும் நரம்புக் கருவியை மீட்டவும் வல்லவர். குடும்பம் டெக்சார்க்கானா என்னும் ஊரிலே குடியேறிய பின்னர், தந்தை வீட்டைவிட்டுப் பிரிந்தார். தாய் வெள்ளையர் வீடுகளிலே துப்புரவு வேலை செய்து பிள்ளைகளைக் காத்தார். தாம் வேலை செய்யும் வீட்டிலே பியானோ இருப்பின், மகனையும் உடன் அழைத்துச் சென்று, அதனை வாசித்துப் பழக அனுமதி பெற்றுக் கொடுத்தார்.

அச்சிறுவனின் திறமையைக் கண்டறிந்தவர் ஜூலியஸ் வைஸ் என்னும் ஜேர்மன் நாட்டு யூத ஆசிரியர். அவர் கட்டணம் பெறாது ஜொப்ளினுக்கு இசை கற்பித்தார். ஐரோப்பியப் பேரிசையின் அமைப்பையும், ஒப்பெரா என்னும் இசைநாடகத்தின் மாண்பையும் அவனுக்கு உணர்த்தினார். சாராயக் கடைகளிலும் நடன மண்டபங்களிலும் பியானோ வாசிப்பதற்கே ஒரு கறுப்பினப் பிள்ளையின் கைத்திறன் பயன்படும் என்று உலகம் எண்ணிய காலத்தில், இசை கற்று ஆராயத்தக்க கலை என்னும் எண்ணத்தை ஊன்றியவர் அவரே. பிற்காலத்தில் ஆசிரியர் முதுமையுற்று நலிந்திருந்தபோது மாணவர் அவருக்குப் பணம் அனுப்பி வந்தார் என்று ஜொப்ளினின் மனைவியார் நினைவு கூர்ந்துள்ளார்.

இளமையில் ஊர் ஊராய்ச் சுற்றி வாசித்துப் பிழைத்த ஜொப்ளின், 1893இல் சிக்காகோவில் உலகப் பொருட்காட்சி நடந்த காலத்தில் அங்கே தங்கியிருந்தார். நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வந்த கறுப்பினக் கலைஞர் பலர் அந்நகரிலே கூடினர். அவர்களிடையே வழங்கிய புதிய வாசிப்பு முறை சில ஆண்டுகளில் ‘ராக்டைம்’ என்னும் பெயரால் நாடெங்கும் பரவலாயிற்று. நம் இராகத்துக்கும் இப்பெயருக்கும் தொடர்பில்லை. கிழிந்து கந்தலான தாளம் என்பதே அதன் பொருள். இடக்கை படைநடை போன்று ஒரே சீராகத் தாளத்தைக் காட்டிச் செல்லும். வலக்கையோ அத்தாளத்துக்குச் சற்று முன்னும் பின்னுமாக எழுத்து எழுத்தாய் விழுந்து மெட்டை நடத்தும். நம் இசையில் அதீத எடுப்பு, அநாகத எடுப்பு என்பவற்றை அறிந்தோர்க்கு இதன் சுவை எளிதிற் புலனாகும். ஆபிரிக்க மரபின் தாள உணர்வும் ஐரோப்பியப் படைநடையின் கட்டமைப்பும் ஒன்று கூடிய இடம் இது.

பின்னர் ஜொப்ளின் மிசூரி மாநிலத்துச் செடாலியா என்னும் புகையிரத நகரிலே தங்கினார். ஆங்குக் கறுப்பின மாணவர்க்கென நிறுவப்பட்டிருந்த ஜோர்ஜ் ஆர். சிமித் கல்லூரியிற் பயின்றார். அக்கல்லூரி 1925இல் தீக்கிரையாயிற்று. அவர் கற்றவை பற்றிய ஏடுகளும் அத்துடன் அழிந்தன. இரவில் மேப்பிள் லீவ் கழகத்திலே பியானோ வாசித்தார். 1899ஆம் ஆண்டு, அவர் ஆக்கிய ‘மேப்பிள் லீவ் ராக்’ என்னும் இசையைச் செடாலியாவின் இசைப்பொருள் வணிகரான ஜோன் ஸ்டார்க் அச்சிட இசைந்தார். கறுப்பினக் கலைஞரின் ஆக்கங்களைச் சில டொலர் கொடுத்து முற்றாக வாங்கிவிடுவதே அக்கால வணிக வழக்கம். ஜொப்ளின் சட்டத்தரணி ஒருவரின் துணையோடு ஒப்பந்தம் எழுதினார். விற்பனையாகும் ஒவ்வொரு பிரதிக்கும் ஒரு சதம் அவருக்குச் சேரவேண்டும் என்பது அதன் நிபந்தனை.

கிராமபோன் வீடுகளிற் பரவாத காலமாதலின், ஒரு பாட்டின் வெற்றியை அளந்தது இசைத்தாள் விற்பனையே. வீட்டுக் கூடத்திலே பியானோ இருக்கும். கடையில் இசைத்தாளை வாங்கி வந்து வீட்டார் தாமே வாசிப்பர். முதல் அச்சில் வெளிவந்த நானூறு பிரதிகளும் விற்றுத் தீர ஏறத்தாழ ஓராண்டு சென்றது. ஆக்கியோனுக்குக் கிடைத்தது நான்கு டொலர். ஆயின் அதன்பின் விற்பனை பெருகிற்று. பத்தாண்டுக் காலத்தில் ஐந்து இலட்சம் பிரதிகள் விற்றன என்பர். அவ்வெண் சரியாயின், அவர் பெற்றது ஐயாயிரம் டொலர். ஆண்டொன்றுக்குச் சராசரி ஐந்நூறு. செல்வம் என்று சொல்லத்தக்கதன்று. எனினும், சாராயக் கடையை விட்டு விலகி, இருந்து எழுதுவதற்கு அது போதுமானதாயிற்று. ஆயிரம் பாட்டுக்கு ஒன்றேனும் அடையாத வெற்றியினால் அம்மனிதர் வேண்டியது அவ்வளவே.

புதிய இசைக்கு எதிர்ப்பும் உடன் எழுந்தது. 1901இல் அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் ராக்டைமை வாசிக்கலாகாது என்று தன் உறுப்பினர்க்கு அறிவுறுத்தியது. பிற்காலத்தில் ஜாஸ் தோன்றியபோதும் ரொக் இசை தோன்றியபோதும் கேட்ட குற்றச்சாட்டுக்கள் யாவும் அன்றே கேட்டவைதாம். ஜொப்ளின் வாதத்தில் இறங்கவில்லை. தம் இசைத்தாள்களின் தலைப்பிலே, விரைந்து வாசிக்கலாகாது என்று அறிவித்தல் அச்சிடுவித்தார். வேகத்தைக் காட்டிப் பந்தயம் வாசிப்போர் கையில் தம் ஆக்கம் சிதைவதை அவர் விரும்பவில்லை. 1908இல் ‘ராக்டைம் பள்ளி’ என்னும் பெயரால் பயிற்சிப் பாடங்கள் ஆறினை எழுதி வெளியிட்டார். கேளிக்கை என்று உலகம் தள்ளிய ஒன்றைப் பாடமாகக் கற்பிக்க முனைந்த இச்செயலிலே அவருள்ளம் நன்கு புலப்படும்.

1901இல் சென் லூயிஸ் நகருக்குக் குடிபெயர்ந்த பின்னர் எழுதியவற்றுள் ஒன்றே, 1902இல் வெளியான ‘என்டர்டெயினர்’. அதே காலத்தில் அவர் மனம் இசைநாடகத்தை நாடிற்று. கறுப்பினத் தலைவர் புக்கர் வாஷிங்டன் 1901இல் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டின் மாளிகையில் விருந்துண்ட நிகழ்ச்சியைக் கருவாகக் கொண்டதென்று கருதப்படும் ‘மாண்புறு விருந்தினர்’ என்னும் நாடகத்தை ஆக்கி, 1903இல் ஒரு குழுவோடு ஊர்வலம் புறப்பட்டார். அம்முயற்சி பணமுடையால் இடைவழியிலே முறிந்தது. அந்நாடகத்தின் ஒரு பிரதியேனும் இன்றுவரை கிடைக்கவில்லை. இல்வாழ்வும் அவருக்குத் துயரையே அளித்தது. முதல் மணத்திற் பிறந்த பெண் குழந்தை இறந்தது, மணமும் முறிந்தது. 1904 யூனில் பிரெடி அலெக்சாண்டர் என்னும் இளம் பெண்ணை மணந்தார். சில வாரங்களில், நியூமோனியாவால், இருபது வயதளவில் அவர் மறைந்தார். மறு ஆண்டு வெளியான ‘பெதீனா’ என்னும் மெல்லிய நடன இசையிலே அத்துயரின் சாயல் உண்டென்று கேட்போர் உணர்வர்.

1907இல் அவர் நியூயோர்க் சென்றது ஒரே நோக்கத்தோடு. ‘ட்ரீமொனீஷா’ என்னும் மூன்றங்க இசைநாடகத்தை அவர் எழுதிக்கொண்டிருந்தார். சொல்லும் இசையும் அவருடையனவே. தாம் வளர்ந்த டெக்சார்க்கானாவை அடுத்த தோட்டமொன்றிலே, 1884இல் நடப்பதாகக் கதை அமைந்தது. மரத்தடியிற் கண்டெடுக்கப்பட்ட பெண் குழந்தையை அடிமைத் தளை நீங்கிய ஏழைத் தம்பதியர் வளர்த்துக் கல்வி பெறச் செய்கின்றனர். மந்திரப் பைகளை விற்று மக்களை ஏய்ப்போரை அவள் எதிர்க்கிறாள்; அவர்கள் அவளைக் கவர்ந்து செல்கின்றனர். மீட்கப்பட்டபின், குற்றவாளிகளை அடிக்க ஓங்கிய கைகளைத் தடுத்து அவர்களை மன்னிக்கச் சொல்கிறாள். பதினெட்டு வயதுப் பெண்ணை ஊரார் தம் தலைவியாக ஏற்பதோடு கதை முடிகிறது. வசனம் எளிமையாய், சில இடங்களில் நாடகச் செறிவின்றி இருப்பது மெய். ஆயின், விடுதலை பெற்ற சமுதாயம் கல்வியின்றி முழு விடுதலை அடையாது என்னும் கருத்து, துப்புரவுத் தொழிலாளியின் மகனாய்ப் பிறந்து ஓர் ஆசிரியரின் அருளால் உயர்ந்தவரின் நெஞ்சிலிருந்து வந்தது.

பதிப்பிக்க எவரும் முன்வரவில்லை. உரிமைப்பணம் பற்றிய பிணக்கால் ஸ்டார்க்கும் விலகியிருந்தார். 1911இல் ஜொப்ளின் தம் சொந்தச் செலவிலே இருநூற்று முப்பது பக்கங்களில் அதனை அச்சிட்டார். அதே 1911இல் ஏர்விங் பேர்லின் என்னும் இளைஞர் எழுதிய ‘அலெக்சாண்டரின் ராக்டைம் வாத்தியக் குழு’ என்னும் பாட்டு நாட்டையே ஆட்டிப் படைத்தது. இலக்கணப்படி அது ராக்டைமே அன்று. பெயர் மட்டும் அதனது. ராக்டைம் என்ற சொல் எங்கும் விலைபோன ஆண்டில், அதன் தலைசிறந்த ஆசிரியர் தம் நூலை ஏந்திக் கொட்டகை கொட்டகையாய் அலைந்தார். 1915இல் ஹார்லெம் பகுதியில் ஒரு மண்டபத்திலே, திரையுமின்றி உடையுமின்றி வாத்தியக் குழுவுமின்றி, தாமே பியானோ வாசித்து அந்நாடகத்தை ஒருமுறை நடத்திக் காட்டினார். வந்திருந்த சிலரின் உள்ளத்தை அது கவரவில்லை.

நெடுங்காலம் உடலில் மறைந்திருந்த மேகநோய் அப்போது மூளையைப் பற்றியிருந்தது. 1916இல், தானியங்கிப் பியானோவுக்குரிய துளைச்சுருள்கள் சிலவற்றுக்கு அவர் வாசித்தார். அவற்றுள் ஒன்றிலே விரல்கள் தடுமாறுவதை இன்றும் கேட்கலாம். அவர் வாசிப்பைப் பதிந்த இசைத்தட்டு ஒன்றேனும் இல்லை. 1917இன் தொடக்கத்தில் மனநோய் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அவ்வாண்டு பெப்ரவரி 26ஆந் தேதி, அதே நியூயோர்க் நகரிலே, வெள்ளையர் ஐவர் கொண்ட குழு முதன்முதல் வெளியான ஜாஸ் இசைத்தட்டைப் பதிந்தது. ஏப்ரில் முதலாந் தேதி ஜொப்ளின் இறந்தார். ஐந்து நாட்களின் பின் அமெரிக்கா உலகப் போரில் நுழைந்தது. குயீன்ஸ் பகுதி இடுகாட்டில், பெயர் பொறித்த கல்லுமின்றி அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

ஆண்டுகள் உருண்டன. ஜாஸ் ஆண்டது, அதிற் கிளைத்த ‘ஸ்விங்’ நடன இசை ஆண்டது, ஒலிவாங்கியின் வரவால் மெல்லக் குழைந்து பாடுவோர் ஆண்டனர், பின்னர் ரொக் இசை எல்லாவற்றையும் ஓரந்தள்ளிற்று. பழைய ராக்டைம் வாசித்த முதியோரைத் தேடிச்சென்று விவரம் திரட்டிய ஆய்வாளர் இருவர் 1950இல் ஒரு நூல் வெளியிட்டனர். 1970இல் யோசுவா ரிவ்கின் என்னும் இசையறிஞர் ஜொப்ளினின் ஆக்கங்களை, அவர் விரும்பியவாறே விரையாது வாசித்து, பேரிசைத் தட்டுக்கள் வெளியிடும் நிறுவனத்தின் வாயிலாகத் தந்தார்; அது பெரும் விற்பனை கண்டது. 1972இல் அட்லாண்டா நகரிலே ‘ட்ரீமொனீஷா’ முழுமையாய் அரங்கேறியது. 1973இல் வெளியான ‘த ஸ்டிங்’ என்னும் திரைப்படத்துக்கு மார்வின் ஹாம்லிஷ் ஜொப்ளினின் இசையை எடுத்தாண்டு ஒஸ்கார் பரிசு பெற்றார். கதை நடப்பதோ 1936இல்; ராக்டைம் வழக்கொழிந்திருந்த காலம். ஆயினும் படம் பார்த்தோர் அவ்விசையை விடவில்லை. ‘என்டர்டெயினர்’ பட்டியலில் ஏறியது அதனாலேயே. 1976இல் புலிற்சர் சிறப்பு விருது அவர் பெயருக்கு வழங்கப்பட்டது.

பட்டியல்கள் பொய் சொல்வதில்லை. அந்த வாரத்தில் எத்தனை பேர் எதனை விரும்பினர் என்னும் அளவிலே அவை மெய்யே உரைக்கின்றன. ‘மேப்பிள் லீவ் ராக்’ விற்ற ஐந்து இலட்சமும் மெய். ‘ட்ரீமொனீஷா’வை வாங்குவாரின்மையும் மெய். முன்னதன் ஆசிரியராக மட்டுமே தம்மை உலகம் அறிதல் போதாதென்று கருதி, அதனால் வந்த ஒவ்வொரு சதத்தையும் பின்னதற்காகச் செலவிட்டவர் ஜொப்ளின். அரை நூற்றாண்டு தாழ்த்தே உலகம் அவருடன் உடன்பட்டது; அதற்கும் ஒரு திரைப்படத்தின் துணை வேண்டியிருந்தது. அவ்விசை மூன்றாம் இடத்துக்கு ஏறிய அதே 1974ஆம் ஆண்டிலேதான், குயீன்ஸ் இடுகாட்டில் அவர் கிடந்த இடத்திலே முதன்முதலாகப் பெயர் பொறித்த கல் ஒன்று நாட்டப்பட்டது.