தலைக்கு விலை ரூ.50,000... கோரைப்பாயில் படுத்த பிரிகேடியர்: யார் இந்த முகமது உஸ்மான்?

டெல்லி ஜாமியா மில்லியா பல்கலைக்கழகத்தை ஒட்டிய கல்லறைத் தோட்டத்தில் ஒரு ராணுவ அதிகாரியின் சமாதி இருக்கிறது. 2020 டிசம்பரில் அது சிதைந்து கிடக்கும் படங்கள் வெளியானதும், யாருடையது என்று பலரும் தேடினார்கள். பிறகு அது சரிசெய்யப்பட்டது. அங்கே உறங்குபவர் பிரிகேடியர் முகமது உஸ்மான். 1947-48 காஷ்மீர் போரில் உயிரிழந்த இந்திய ராணுவ அதிகாரிகளிலேயே மிக உயர்ந்த பதவியில் இருந்தவர்.

1912 ஜூலை 15-ல் இன்றைய உத்தரப் பிரதேசத்தில் பிறந்தார். அப்பா போலீஸ் அதிகாரி. மகனோ ராணுவத்துக்குப் போனார். இங்கிலாந்தின் சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரியில் படித்து, பலூச் ரெஜிமெண்டில் சேர்ந்தார்.

பாகிஸ்தானா? இந்தியாவா?

1947-ல் நாடு பிரிந்தபோது ராணுவமும் பிரிந்தது. பலூச் ரெஜிமெண்ட் அப்படியே பாகிஸ்தானுக்குப் போனது. முஸ்லிம் அதிகாரி, அதுவும் பலூச் ரெஜிமெண்ட்காரர். இவரும் அங்கேதான் போவார் என்றே எல்லோரும் நினைத்தார்கள். பாகிஸ்தான் தலைவர்கள் பெரிய பதவி தருவதாகச் சொல்லி அழைத்ததாகவும் சொல்லப்படுகிறது. அவர் அசையவே இல்லை. இந்தியாவிலேயே இருந்துவிட்டார். டோக்ரா ரெஜிமெண்டுக்கு மாற்றினார்கள்.

சில மாதங்களிலேயே காஷ்மீரில் போர். 1947 டிசம்பரில் 50-வது பாராசூட் பிரிகேடின் பொறுப்பு உஸ்மானிடம் வந்தது. அதே மாதம் ஜங்கர் கைவிட்டுப் போனது. ஜங்கர் சின்ன ஊர்தான். ஆனால் மிர்பூர், கோட்லி பக்கமிருந்து வரும் சாலைகள் சேரும் இடம். அது எதிரி கையில் இருந்தால் அடுத்த குறி நவ்ஷேரா.

அப்போது எடுத்ததுதான் அந்தச் சபதம். ஜங்கரை மீட்கும்வரை கட்டிலில் படுக்க மாட்டேன். பிரிகேடியர் ஒருவர், ஜம்மு மலைக்குளிரில், தரையில் பாய் விரித்துப் படுத்தார்!

நவ்ஷேராவின் சிங்கம்

1948 பிப்ரவரி 6. விடியும் முன்பே நவ்ஷேரா மீது பெரும் தாக்குதல். ஆயிரக்கணக்கில் வந்தார்கள். தைந்தார் மேட்டில் நாயக் ஜதுநாத் சிங் கடைசி மூச்சுவரை போராடி பரம்வீர் சக்ரா பெற்றது இதே நாளில்தான். ஊர் தப்பியது. உஸ்மானுக்கு 'நவ்ஷேராவின் சிங்கம்' என்று பேர் வந்தது. எதிர்த்தரப்பு அவர் தலைக்கு 50 ஆயிரம் ரூபாய் அறிவித்ததாம். அந்தக் காலத்து 50 ஆயிரம்!

சண்டையைத் தாண்டியும் இவரிடம் பேச விஷயம் நிறைய இருக்கு. நவ்ஷேராவில் அநாதையான சிறுவர்களைச் சேர்த்து 'பாலக் சேனா' என்று ஒரு குழு அமைத்தார். படிப்பு, பயிற்சி, சாப்பாடு எல்லாம் கிடைத்தது. சண்டை நடக்கும்போது செய்தி கொண்டுபோய்க் கொடுத்ததும் இந்தப் பசங்கதான். ஊர் மக்களுக்கு உணவு பற்றாக்குறை வந்தபோது, செவ்வாய்க்கிழமைகளில் வீரர்களை விரதம் இருக்கச் சொல்லி, மிச்சமானதை மக்களுக்குக் கொடுத்தார். அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சம்பளத்தில் பெரும்பகுதி ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கே போனது.

மார்ச் 18-ல் ஜங்கர் மீண்டும் இந்தியா வசம் வந்தது. சபதம் முடிந்தது, இனி கட்டிலில் படுக்கலாம். ஆனா முகாமில் ஒரு கட்டில்கூட இல்லை! பக்கத்து கிராமத்திலிருந்து கொண்டுவந்து போட்டார்கள்.

அந்த ஜங்கரிலேயேதான் முடிவும் வந்தது. 1948 ஜூலை 3 மாலை, எதிரிகளின் பீரங்கிகள் முழங்கின. ஒரு குண்டு அருகில் விழுந்து வெடித்தது. அங்கேயே உயிர் பிரிந்தது. 36-வது பிறந்தநாளுக்கு இன்னும் 12 நாள் இருந்தது.

டெல்லியில் நடந்த இறுதிச்சடங்குக்கு பிரதமர் நேரு வந்தார். சில நாட்களுக்கு முன்புதான் கவர்னர் ஜெனரலாகப் பொறுப்பேற்றிருந்த நம்ம ராஜாஜியும் வந்திருந்தார். மறைவுக்குப் பின் மகாவீர் சக்ரா வழங்கப்பட்டது. ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 3-ல் ராணுவத்தினர் அவருக்கு அஞ்சலி செலுத்துகிறார்கள்.