பட்டம் தராத கல்லூரி, மருந்து தந்த மாணவர்

சி ரூசா தோட்டத்துப் பிள்ளையான நான், பல்கலைக்கழகப் பாடத்தில்தான் எல்லாப்பிரகட சுப்பாராவை அறிந்தேன். 1895இல் ஆந்திராவின் பீமவரத்தில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் கதர் அணிந்ததால் ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, முழுப் பட்டமின்றி எல்.எம்.எஸ். சான்றிதழே பெற்றார். ஸ்ப்ரூ எனும் குடல்நோய் அவருடைய சகோதரரைப் பறித்தது.

அமெரிக்காவின் லெடர்லி ஆய்வுக்கூடத்தில் அவரது குழு 1945இல் ஃபோலிக் அமிலத்தைத் தயாரித்தது. அது ஸ்ப்ரூவைக் குணப்படுத்த உதவியது. டிஎன்ஏ உருவாக அவ்வமிலம் தேவை. இரத்தப் புற்றுநோய் உயிரணுக்களும் பெருக அதையே நாடின. ஆகவே, அமிலம்போல் தோன்றி அவற்றை ஏமாற்றும் மூலக்கூறுகளை அக்குழு உருவாக்கியது. 1947 இறுதியில் டாக்டர் சிட்னி ஃபார்பர் பாஸ்டனில் அதைக் குழந்தைகளுக்குக் கொடுத்தார். பலருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது.

1948இல், 53 வயதில் சுப்பாராவ் மறைந்தார். அவ்வழி வந்த மெத்தோட்ரெக்ஸேட் இன்றும் பிள்ளைகளைக் காக்கிறது. தேர்வில் சறுக்கிய நண்பர்களே, சான்றிதழ் நம் எல்லையல்ல.