பானுமதி அம்மையார்

திருத்தணிகை மலைக்கு ஆண்டின் நாள்களைக் குறிப்பனவாக 365 படிகள் உண்டு. அப்படிகளில் ஏறிச் செல்வோர் செவியில் தமிழும் தெலுங்கும் மாறி மாறி ஒலிக்கும். 1953-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் முதல் நாளன்று ஆந்திர மாநிலம் பிறந்தபோது இவ்வூர் அதனோடு சேர்ந்திருந்தது. எல்லைப் போராட்டம் நடந்து, அறிஞர்கள் கூடி ஆராய்ந்து, 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளன்று இது தமிழகத்தின் பகுதியாயிற்று. ஊர்களைப் பிரிப்பதற்கு இத்துணை முயற்சி வேண்டியிருந்த அக்காலத்தில், இரு மொழியாராலும் எங்களவர் என்று உரிமை கொண்டாடப் பெற்ற கலைஞர் சிலர் இருந்தனர். அவருள் ஒருவர், வடக்கேயிருந்து வந்து சென்னையைத் தம் ஊராகக் கொண்ட பானுமதி அம்மையார். நடிகையாகவும் பாடகியாகவும் எழுத்தாளராகவும் அவரைப் பலர் அறிவர். படப்பிடிப்புக் கருவிக்குப் பின்னே நின்று படத்தை இயக்கியவரும் அவரே என்பதைச் சிலரே நினைவிற் கொள்வர்.

ஓங்கோலுக்கு அருகிலுள்ள தொட்டவரம் என்னும் சிற்றூரில் 1925-ஆம் ஆண்டு செப்டம்பர் 7-ஆம் நாள் பானுமதி பிறந்தார். தந்தையார் பொம்மராஜு வேங்கடசுப்பையா, தாயார் சரசுவதியம்மா. தந்தையார் இசையில் தணியாத வேட்கையுடையவர். மகளின் குரல்வளத்தை இளமையிலேயே கண்டு, தாமே முதலாசிரியராயிருந்து அவருக்கு இசை கற்பித்தார். நற்குடியிற் பிறந்த பெண் திரையில் தோன்றுதல் இழுக்கு என்று உலகம் எண்ணியிருந்த காலம் அது. பாட்டிற்காக மகளை வளர்த்த தந்தையாருக்கும் அந்த அச்சம் இல்லாமற் போகவில்லை.

1939-ஆம் ஆண்டில் புல்லையா என்னும் இயக்குநர் ‘வரவிக்கிரயம்’ என்ற தெலுங்கு நாடகத்தைப் படமாக்க முற்பட்டார். மணமகனை விலை பேசும் வரதட்சிணைக் கொடுமையைக் கண்டிப்பது அந்நாடகம். அதில் காளிந்தி என்னும் பெண்ணாக நடிக்கப் பதின்மூன்று வயதுச் சிறுமியாகிய பானுமதி தேர்ந்தெடுக்கப் பெற்றார். படப்பிடிப்பு நெடுந்தொலைவிலுள்ள கல்கத்தாவில் நடந்தது. தந்தையார் உடன்சென்றார், ஆனால், உடன் நடிக்கும் ஆடவர் எவரும் தம் மகளைத் தழுவுவதாகக் காட்சி அமைத்தலாகாது என்ற உறுதியைப் பெற்ற பின்னரே அவரை நடிக்க விடுத்தார். தந்தை இட்ட இவ்வரம்பைப் பிற்காலத்தில் மகள் தாமே விரும்பி மேற்கொண்டார். புகழ் மிக்க கதைத்தலைவர்களும் அவரோடு நடிக்கும்போது சற்றே விலகி நின்றனர். இதனைச் செருக்கென்று கூறியவரும் உண்டு. ஒப்பந்தத்தில் எழுதியதைக் காக்கும் ஆடவனை நேர்மையாளன் என்றும், அதனையே செய்யும் பெண்ணைச் செருக்குடையவள் என்றும் கூறுதல் முறையாகாது.

‘கிருஷ்ணபிரேமா’ என்ற படத்தில் நடித்தபோது, அதில் உதவி இயக்குநராகப் பணிபுரிந்த இராமகிருஷ்ணா என்பவரைப் பானுமதி விரும்பினார். அவர் பொருள்வளம் உடையவர் அல்லர்; ஆதலின் பெற்றோர் இசையவில்லை. எனினும் 1943-ஆம் ஆண்டு ஆகஸ்டு 8-ஆம் நாள் திருமணம் நிகழ்ந்தது. அதன்பின் நடிப்பைத் துறந்து இல்லத்தரசியாக வாழ்வதே பானுமதியின் விருப்பமாயிருந்தது. ஆனால் அக்காலத்துச் சிறந்த இயக்குநருள் ஒருவராகிய பி. என். ரெட்டி, தாம் எடுக்கவிருந்த ‘சுவர்க்கசீமா’ என்னும் படத்திற்கு அவரே வேண்டுமென்று விடாது கேட்டார். கணவரும் இசைந்தார். 1945-ஆம் ஆண்டு வெளிவந்த அப்படத்தில், தெருவில் ஆடிப்பாடிப் பிழைத்துப் பின்னர் நாடக மேடையில் ஏற்றம் பெறும் பெண்ணாக அவர் தோன்றினார். அதில் அவர் பாடிய புறாப் பாட்டு தெலுங்குநாடெங்கும் பரவியது.

இருவரும் தம் மகன் பரணியின் பெயரால் ஒரு படநிறுவனம் தொடங்கினர். 1947-ஆம் ஆண்டு ‘ரத்னமாலா’ என்னும் படத்தை வெளியிட்டனர். நாளடைவில் சென்னைச் சாலிகிராமத்தில் பரணி ஸ்டூடியோவும் எழுந்தது. வேலை தேடிச் சென்னைக்கு வந்த குடும்பம் பலருக்கு வேலை கொடுக்கும் குடும்பமாயிற்று.

இதற்கிடையே தமிழ்த் திரையும் அவரை அழைத்தது. ‘ராஜமுக்தி’ (1948) என்னும் படத்தில் தியாகராஜ பாகவதரோடும், ‘ரத்னகுமார்’ (1949) என்னும் படத்தில் பி. யு. சின்னப்பாவோடும் நடித்தார். அந்நாளில் பாட்டால் தமிழ்நாட்டை ஆண்ட இருவர் அவர்கள்; அவர்களுக்கு ஈடுகொடுத்துப் பாடும் ஆற்றல் அவருக்கு இருந்தது. ஒருவர் நடிக்க மற்றொருவர் பாடும் பின்னணி முறை வேரூன்றிய பின்னரும் அவர் தம் பாட்டைத் தாமே பாடினார். அண்ணா எழுதிய ‘நல்லதம்பி’யிலும், நாமக்கல் கவிஞரின் கதையாகிய ‘மலைக்கள்ள’னிலும் (1954) அவர் பேசிய தமிழைக் கேட்டோர் அதனைப் பிறந்த மொழி என்றே கொண்டிருப்பர். நடிப்புக்கு இலக்கணம் என்று அண்ணா அவரைப் பாராட்டினார்.

இனி அவர் இயக்கிய முதற் படத்திற்கு வருவோம். திரைப்படம் தோன்றிய நாள் முதலே பெண்கள் அதனை இயக்கியுள்ளனர். பிரான்சு நாட்டில் பிறந்த ஆலிஸ் கீ என்பார் 1896-ஆம் ஆண்டிலேயே படம் இயக்கியவர்; பின்னர் அமெரிக்காவில் குடியேறி அங்கே சொந்தமாகப் படநிறுவனம் நடத்தியவர். தமிழில் டி. பி. இராஜலட்சுமி அம்மையார் 1936-ஆம் ஆண்டில் ‘மிஸ் கமலா’ என்னும் படத்தை இயக்கினார். தணிகைமலையில் முருகப்பெருமான் மணந்ததாகக் கூறும் வள்ளியாக, ‘வள்ளி திருமணம்’ படத்தில் நடித்தவரும் அவ்வம்மையாரே. எனினும் இவர்கள் அருகித் தோன்றியவர்கள். படப்பிடிப்பு நிலையத்தில் கட்டளையிடுவோர் ஆடவராகவும் அதற்கு இணங்குவோர் பெண்டிராகவும் இருப்பதே வழக்கமாயிருந்தது.

1953-ஆம் ஆண்டு வெளிவந்த ‘சண்டிராணி’யில் பானுமதி அவ்வழக்கத்தை மாற்றினார். கதையும் அவருடையதே; இயக்கமும் அவருடையதே. இரட்டைப் பிறவிகளாகிய இரண்டு பெண்களின் கதை அது. ஒருத்தி மென்மையானவள்; மற்றொருத்தி காட்டில் வளர்ந்த வீரமகள். இருவராகவும் அவரே நடித்தார். என். டி. ராமராவும் எஸ். வி. ரங்காராவும் உடன் நடித்தனர். இவை போதாவென்று, தெலுங்கு, தமிழ், இந்தி ஆகிய மும்மொழிகளிலும் படம் ஒருங்கே உருவாயிற்று.

இதன் அருமையை இன்றைய மாணவர் உணர்தல் எளிதன்று. ஒரே முகம் இருவராய்த் திரையில் நிற்பதற்கு அக்காலத்தில் கணிப்பொறி இல்லை. படக்கருவியின் கண்ணில் ஒரு பாதியை மறைத்து ஒரு முறை எடுப்பர். பின் படச்சுருளை மீண்டும் பின்னோக்கிச் சுற்றி, மறுபாதியை மறைத்து இன்னொரு முறை எடுப்பர். கருவி மயிரிழை அசைந்தாலும் இரு பாதியும் பொருந்தா. முதன்முறை எவ்விடத்தை நோக்கிப் பேசினாரோ, எத்துணை நேரம் விடையை எதிர்பார்த்து நின்றாரோ, அதனை அளவு பிசகாமல் நினைவிற்கொண்டு மறுமுறை விடை கூறுதல் வேண்டும். சகோதரியர் இருவரும் எதிர்ப்படும் ஒரு காட்சியை மும்மொழியிலும் எடுப்பதாயின், அவர் ஆறு முறை நடித்தாக வேண்டும். ஒவ்வொரு முறைக்கும் சொல் மாறும், உணர்ச்சி மாறலாகாது. நடித்து முடித்தவுடன் ஒப்பனையோடே கருவிக்குப் பின்னே சென்று, விளக்கு எங்கே நிற்க வேண்டும், அடுத்த காட்சி யாது என்று ஆணையிடவும் வேண்டும். வேலை நடந்துகொண்டிருந்தபோது, 1952-ஆம் ஆண்டில் இசையமைப்பாளர் சி. ஆர். சுப்பராமன் இளம் வயதிலேயே மறைந்தார். எஞ்சிய இசைப்பணியை அவரிடம் பயின்ற எம். எஸ். விசுவநாதன் முடித்துக் கொடுத்தார். அவ்விளைஞர் பின்னாளில் எய்திய புகழை இங்கே சொல்ல வேண்டுவதில்லை.

சென்னை யாருக்கு, தணிகை யாருக்கு என்று மேடைகளில் இருமொழியாரும் சொற்போர் புரிந்த ஆண்டில், அதே சென்னையில் உருவான அவர் படம் இரு மொழிகளிலும் மக்களிடம் சென்றது.

அம்மையாரின் தன்மானம் அவருக்குப் பெருமையும் தந்தது, இழப்பும் தந்தது. ‘மிஸ்ஸம்மா’ என்ற படத்தில் முதலில் நடித்தவர் அவரே. வரலட்சுமி நோன்பு நாளன்று பூசையை முடித்துக்கொண்டு பிந்தி வந்தார். முன்னரே எழுதித் தெரிவித்திருந்தார் என்பர். மன்னிப்புக் கோரவேண்டும் என்றார் படமுதலாளி. அவர் மறுத்தார். எடுத்த காட்சிகள் கைவிடப்பட்டன. அவ்விடத்திற்குச் சாவித்திரி வந்தார். 1955-ஆம் ஆண்டு வெளிவந்த அப்படமே சாவித்திரியைப் பெரும்புகழில் ஏற்றியது. கைந்நழுவிய வாய்ப்பு எத்தகையது என்பதை அம்மையார் நன்கறிவார். ஆயினும் தம்மால் ஒரு நல்ல நடிகை விளங்கினார் என்று மகிழ்ந்து கூறினாரேயன்றிப் புழுங்கிப் பேசினாரில்லை. இது பலர்க்கும் எளிதில் கைகூடுவதன்று.

எம். ஜி. இராமச்சந்திரன் முதன்முதலாக இயக்கிய ‘நாடோடி மன்னன்’ (1958) படத்திலும் இத்தகைய கருத்து வேற்றுமை எழுந்தது. எடுத்த காட்சிகளையே மீண்டும் மீண்டும் எடுத்தல் அவருக்கு உடன்பாடாகவில்லை. அவர் இடையிலேயே விலகினார். அவர் ஏற்ற பாத்திரம் நடுவில் இறப்பதாகக் கதை திருத்தப்பட்டது. இருவர் பாலும் நியாயம் இருந்தது என்று கூறலாம். இயக்குநர் இருவர் ஓரிடத்தில் நின்றால் இவ்வாறு நேர்தல் இயல்பே. இப்பிணக்கு நெடுநாள் நிற்கவில்லை. எம். ஜி. இராமச்சந்திரன் முதலமைச்சரான பின்னர், 1980-களில், சென்னையிலுள்ள தமிழ்நாடு அரசு இசைக்கல்லூரியின் தலைமைப் பொறுப்பில் பானுமதி அம்மையாரை அமர்த்தினார். தொட்டவரத்தில் தந்தையிடம் சுரவரிசை பயின்ற சிறுமி தமிழ்நாட்டு மாணவர்களின் இசைக்கல்விக்குத் தலைவியானார்.

தாய்மொழியை அவர் மறந்தாரல்லர். மாமியார் மருமகள் வாழ்க்கையை நகைச்சுவையோடு சித்திரிக்கும் ‘அத்தகாரி கதலு’ என்னும் சிறுகதைத் தொகுதியைத் தெலுங்கில் எழுதினார். ஆந்திர சாகித்திய அகாதெமி அதற்குப் பரிசளித்தது. ‘நாலோ நேனு’ என்ற தன்வரலாற்று நூல் திரைப்பட நூல்களுக்கான தேசிய விருதைப் பெற்றது. 1966-ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருதும் பின்னர்ப் பத்மபூஷண் விருதும் அவரை வந்தடைந்தன.

படம் இயக்கும் பணியும் சண்டிராணியோடு நிற்கவில்லை. 1970-களில் தெலுங்கில் பல படங்களையும், தமிழில் ‘இப்படியும் ஒரு பெண்’ (1975) என்ற படத்தையும் இயக்கினார். 1982-ஆம் ஆண்டில் ‘பக்த துருவ மார்க்கண்டேயா’ என்னும் படத்தில் சிறுவர் சிறுமியரையே எல்லாப் பாத்திரங்களிலும் நடிக்கச் செய்தார். அரசனும் சிறுவன், முனிவனும் சிறுவன். வளர்ந்த நடிகரை இயக்குவதினும் விளையாட்டுப் பருவத்தினரை நிறுத்தி வைத்து நடிப்பித்தல் அரிது. ஐம்பத்தாறு வயதைக் கடந்த பின்னரே அவர் இதனை மேற்கொண்டார்.

1986-ஆம் ஆண்டு கணவர் மறைந்தார். அதன்பின்னரும் அம்மையார் நடிப்பதை விட்டாரில்லை. 1998-ஆம் ஆண்டு வரை படங்களில் தோன்றினார். 2005-ஆம் ஆண்டு டிசம்பர் 24-ஆம் நாள், தம் எண்பதாம் வயதில், அறுபதாண்டுகளுக்கு மேல் தமக்கு ஊராயிருந்த சென்னையிலேயே காலமானார்.