உப்பு மலையில் ஒரு வழக்கு: பீர்பல் சாஹ்னி

நம்ம கோயம்புத்தூர்ல ஆயிரம் அடிக்கு போர்வெல் போட்டாலும் கல் தூள்தான் மேலே வரும், நிலக்கரி வராது. நம் காலடியில் இருப்பது பழைய நைஸ் பாறை. நிலக்கரிக்கு நிலம் மெல்ல அமிழ்ந்து, மேலே மேலே மண் படியும் படுகை வேணும். நெய்வேலிக்கு அது வாய்த்தது, நமக்கு இல்லைங்க.

அப்படிப்பட்ட படுகையில் சதுப்புக்காடு புதைந்தால் நிலக்கரி. அதே இடத்தில் தண்ணீர் ஏறி ஏரியானால், பாசிகள் செத்து ஆக்சிஜன் இல்லாத அடிச்சேற்றில் சேரும். அது ஆயில் ஷேல் ஆகும். சீனாவின் ஃபூஷுன் சுரங்கத்தில் நிலக்கரிக்கு மேலேயே ஆயில் ஷேல் கிடக்கிறது. ஆனால் பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலே இரண்டும் ஒரே காலத்தில் உருவானவை என்று சொல்லிவிடலாமா? இந்தக் கேள்வியில் சறுக்கியவர் சாதாரண ஆள் இல்லை.

பீர்பல் சாஹ்னி 1891 நவம்பர் 14 அன்று பஞ்சாபின் பேராவில் பிறந்தார். அப்பா ருசி ராம் சாஹ்னி லாகூரில் வேதியியல் பேராசிரியர். ஊருக்குப் பக்கத்திலேயே உப்பு மலைத்தொடர். லாகூரில் படித்து, கேம்பிரிட்ஜ் போய் சீவர்டிடம் புதைபடிவத் தாவரங்களைக் கற்று, 1919-இல் திரும்பினார். 1921 முதல் லக்னோ பல்கலைக்கழகத்தில் தாவரவியல் துறைத் தலைவர். ராஜ்மகால் மலைக் கற்களிலிருந்து அழிந்துபோன தாவரங்களுக்கு உருவம் கொடுத்தார். 1936-இல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது.

1940களில் அந்த உப்பு மலைக்கே திரும்பினார். அங்குள்ள உப்பின் வயது என்ன என்பதில் புவியியலாளர்கள் இரண்டு கட்சியாக நின்றார்கள். கேம்பிரியன் காலம் என்றது ஒன்று, இயோசீன் என்றது இன்னொன்று. சாஹ்னி உப்பையும், அதோடு வரும் டோலமைட்டையும், ஆயில் ஷேலையும் கரைத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார். மரத்திசுத் துணுக்குகள் தெரிந்தன. கேம்பிரியனில் மரமே கிடையாது. எனவே இயோசீன்தான் என்று வாதாடினார்.

லாஜிக் சரிதானே? ஆனால் தீர்ப்பு எதிராக வந்தது. அந்த உப்பும் ஷேலும் சுமார் 54 கோடி ஆண்டுப் பழசு என்பதுதான் இன்றைய முடிவு. அவர் பார்த்த துணுக்குகள் பிற்காலத்தில் உள்ளே புகுந்தவை என்று கருதப்படுகிறது. உப்பு தண்ணீரில் கரைந்து மறுபடி உறையும், விரிசலில் பிதுங்கும். புதுசு பழசுக்குள் நுழைய வழி நிறைய. அதே மலையின் மேலடுக்கில் இருக்கும் டண்டோட் நிலக்கரிக்கு வயது சுமார் 6 கோடிதான். ஒரே மலை, நடுவில் 48 கோடி ஆண்டு இடைவெளி!

அதற்காக அவருடைய வழி தப்பு என்று நினைச்சிடாதீங்க. அசாமின் டெர்ஷியரி அடுக்குகளை நுண்படிவங்களால் ஒப்பிட்டுக் காட்டியவரும் அவர்தான். மகரந்தத்தையும் வித்துத்தூளையும் வைத்து அடுக்குகளைச் சேர்த்துப் பார்ப்பது இன்று நிலக்கரி, எண்ணெய்த் தேடலில் அன்றாட வேலை.

1949 ஏப்ரல் 3 அன்று லக்னோவில் அவர் கனவு கண்ட தொல்தாவரவியல் நிறுவனத்துக்கு நேரு அடிக்கல் நாட்டினார். புதைபடிவங்கள் பதித்த கல் அது. ஒரு வாரம் கழித்து, ஏப்ரல் 10 அன்று சாஹ்னி மாரடைப்பில் இறந்தார். நிறுவனத்தைத் தூக்கி நிறுத்தியது மனைவி சாவித்திரி.

அடுத்த தடவை லேபில் சாம்பிள் எடுக்கும்போது ரிசல்ட்டை மட்டும் பார்க்காதீங்க. அந்தத் துணுக்கு அங்கே எப்படி வந்தது என்றும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க.